வண்டிக்கு அறுபது கிலோ

கடைசி லாரி தக்காளியோடு கிளம்பிப் போனபோது
மணி எட்டரை.
எடைமேடையைக் கழுவிவிட்டோம்.
நசுங்கிய பழத்தின் புளிப்பு மட்டும் போகவில்லை.
அது போகாது, ராயக்கோட்டையில் மழை பெய்தாலும்.

மண்டி வாசலில் ஐந்து ஜீப்புகள்.
விடிகாலை நாலரைக்குப் புறப்பாடு,
அஞ்செட்டியில் டீ,
பிறகு தார் தீரும் இடம்,
அதற்கப்புறம் கல்லும் ஓடையும்.
முனிரத்தினத்தின் மாமா பட்டா நிலத்தில் இரண்டு ராத்திரி.
காட்டுக்குள் கூடாரம் போடமாட்டோம் என்று
ரேஞ்சரிடம் எழுதிக் கொடுத்தாயிற்று.
யானைகள் எழுதிக் கொடுக்கவில்லை.

போன தடவை பாறை ஏறும்போது
அன்வர் பாஷாவின் அச்சு முறிந்தது.
அதனால் இந்தத் தடவை சட்டம் என்னுடையது:
வண்டிக்கு அறுபது கிலோ.
எடை போடுவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த தொழில்.

அன்வர்தான் முதலில்.
இழுவைக் கயிறு, கொக்கி, ஜாக்கி, டீசல் கேன்,
கடைசியாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி,
நடுவில் வட்டமாக அறுத்தது.
"முட்டி மடங்காதுக்கா, என்ன பண்ணட்டும்?"
சிரித்து ஓய ஐந்து நிமிடம்.
இரண்டு கிலோ நானூறு. இருக்கட்டும்.

நாகவேணி இரும்புக் கல்லை விடமாட்டாள்.
ராகி ரொட்டியை வேறெதில் சுட்டாலும்
அது அட்டை, என்கிறாள்.
கல்லுக்கு ஈடாக இறக்கி வைத்தது
அவளுடைய பெரிய ஸ்பீக்கரை.
யானைகளும் பிழைத்தன, நாங்களும்.

முனிரத்தினம் டயர்களைத் தட்டிப் பார்க்கிறான்.
தார் முடிந்ததும் முப்பத்திரண்டைப்
பதினெட்டுக்கு இறக்கணுமாம்,
காற்றை விட்டால்தான் கல்லில் பிடிமானமாம்.
சொல்கிறவன் பஞ்சர் கடைக்காரன்,
காற்றடித்துக் குடும்பம் நடத்துகிறவன்.

அடுத்து ரேச்சலும் மாதேஷும்.
மார்ச்சில் பாலக்கோட்டிலிருந்து வந்தபோது
ஒரே கூடாரம், ஆரஞ்சு நிறம்,
அதை மடிக்கத் தெரியாமல் இருவரும்
அதற்குள்ளேயே உருண்டார்கள்.
இன்று மேடையில் இரண்டு.
புதியதில் விலைச்சீட்டு தொங்குகிறது.
சிவப்பு எண்கள் கொஞ்சம் தடுமாறி நின்றன.
அன்வர் திடீரென்று தன் ஸ்டெப்னியைக்
குனிந்து ஆராய்ந்தான்.
யாரும் கேட்கவில்லை. நான் நோட்டில் எழுதினேன்:
வண்டி ஒன்று, கூடாரம் இரண்டு,
ஏழு கிலோ நூறு.

சொத்தை பொறுக்கும் திம்மக்கா
துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு வந்தாள்.
"தொட்டல்லா தாண்டிப் போவீங்களாம்மா?"
"வண்டி தாண்டினா போவோம்."
"தாண்டிட்டா எங்க தங்கச்சி ஊரு."
போன ஐப்பசியில் அவளுக்கு வலி எடுத்தபோது
அந்த வழியில்தான் டோலி கட்டி
இறக்கினார்களாம்.
நாங்கள் ஆறு மாதமாக
வரைபடத்தில் தேடிக் கண்டுபிடித்த வழி.

உள்ளே போய்த் தூக்கிவந்தாள்,
பழைய சேலையில் சுற்றிய
தையல் மெஷினின் தலை.
பன்னிரண்டரை.
என் வண்டி ஏற்கனவே ஐம்பத்தொன்பது.
"எங்க வண்டியில வைங்க" என்றார்கள்
ரேச்சலும் மாதேஷும்,
ஒரே மூச்சில்.
பிறகு ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

அவன் ஒரு முனை, அவள் ஒரு முனை.
பின்னிருக்கையில்
இரண்டு கூடாரத்துக்கும் நடுவில்
இடம் இருந்தது.
அறுபத்து நான்கு காட்டியிருக்கும்.
மறுபடி எடை போடவில்லை.

எல்லோரும் சீக்கிரம் தூங்கச் சொல்லிக்கொண்டு போனார்கள்.
ஷட்டரை இழுக்கும்போது
திம்மக்கா திரும்பி ஓடிவந்தாள்.
"ஊசியக் கழட்டி வச்சேன்மா.
அந்தக் குலுக்கல்ல ஒடிஞ்சிரும்.
இத நீங்க வச்சுக்குங்க."
பஞ்சு வைத்த தீப்பெட்டிக்குள்
ஒரே ஒரு ஊசி.

பழக்கதோஷம்,
தீப்பெட்டியை மேடையில் வைத்தேன்.
பூஜ்யம்.