குதிகால் வெளிச்சம்

ஒன்றேகாலுக்கு ஷட்டர் இறங்கும்.
எத்தனை தடவை முகம் கழுவினாலும்
காதோரம் கொஞ்சம் மைதா தங்கிவிடும்.
கோரமங்கலத்து பேக்கரிச் சந்தில்
ஜெனரேட்டருக்குப் பின்னால்
என் சைக்கிள் மட்டும் நிற்கும்.

பூட்டைத் திறக்கும் முன்பே
சீட்டுக்குக் கீழே மாட்டிவிடுவேன்,
கட்டைவிரல் அளவு சிவப்பு விளக்கு.
வண்டியிலேயே விட்டுப் போனால் யாராவது கழற்றிவிடுவார்கள்.
அதனால் அதுவும் என்னோடு ஷிப்டு பார்க்கிறது
லாக்கருக்குள், டிபன் டப்பாவை ஒட்டிப் படுத்து.

"வெளக்கு மட்டும் போதாதும்மா" என்றார் முனிராஜு,
பஞ்சர் ஒட்டிய கையோடு.
லாரிகளின் முதுகில் ஒட்டுகிற மின்னும் பட்டை
ஒரு முழம் மிச்சம் வைத்திருந்தார்.
மட்கார்டில் ஒரு துண்டு.
பெடலில் இரண்டு.
பிறகு கத்தரிக்கோலோடு என் செருப்பைப் பார்த்தார்.
"குதிகால்ல ஒட்டு.
சும்மா மின்னுனா போர்டுனு நெனச்சுப் போயிடுவான்.
ஏறி எறங்குனாத்தான்
டிரைவருக்கு ஆளுன்னு தெரியும்."

அன்றிலிருந்து
நான் ஆள் என்பதற்குச் சாட்சி
என் இரண்டு குதிகால்.

துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொள்வேன்,
செயினுக்கு அதன்மேல் ஒரு கண் எப்போதும்.
சிக்னல் வரை தெருவிளக்கு உண்டு, நாய்கள் உண்டு,
ஏடிஎம் வாசலில் நாற்காலியோடு தூங்குகிற காவலாளி உண்டு.
அப்புறம் தூண்கள்.
பாலம் இன்னும் வந்து உட்காராத தூண்கள்,
துரு ஏறிய கம்பிகளை உச்சியில் நீட்டிக்கொண்டு.
அவற்றின் அடியில்
வண்டிகளைச் சாய்த்துவிட்டு நாலைந்து பேர்.

கணக்கு குழம்புவது இங்கேதான்.
லாரி என்னைப் பார்க்க வேண்டும்.
இவர்கள் பார்க்கக் கூடாது.
இருப்பது ஒரு விளக்கு,
இருப்பது ஒரு நான்.

முதல் ஆறு மாதம்
தூண் வந்ததும் அணைத்துவிடுவேன்,
மூச்சையும் சேர்த்து.
இருட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு
செருப்பின் பட்டை கூடத் தெரியாதபடி
மிதிக்காமல், உருளவிட்டு.

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்திருந்த இரவு அது.
தண்ணீர் டேங்கர்.
ஹாரன் இல்லை, காற்றுதான் முதலில் வந்தது.
முழங்கைத் தோலை உரசிக்கொண்டு
ஒரு முழுச் சுவர் ஓடியது.
நான் விழவில்லை. அது எப்படியென்று
இன்றுவரை தெரியவில்லை.
தள்ளிப் போய் நிறுத்திவிட்டு ஓடி வந்தான் டிரைவர்,
மீசை சரியாக முளைக்காத பையன்.
"காணிஸ்லே இல்ல அக்கா
காணிஸ்லே இல்ல"
என்று அதையே திரும்பத் திரும்ப.
என் கையைவிட அவன் கைதான் அதிகம் நடுங்கியது.
அதற்குத்தானப்பா அணைத்தேன் என்று
அவனிடம் எப்படிச் சொல்ல.

இப்போது அணைப்பதில்லை.

"ரெட் லைட் பந்த்து நோடோ" என்றான் ஒருத்தன்
முதல் நாள்.
சிரிப்பு தூணுக்குத் தூண் தாவியது.
அந்தச் சொல்லின் இன்னொரு அர்த்தம் எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும்.

ஒன்று மட்டும் செய்கிறேன்.
அந்த இருநூறடிக்கு
மினுக்குவதை மாற்றி நிலையாக எரியவிடுகிறேன்.
கண்ணடிக்கிறாள் என்று
என் விளக்கைக்கூட எவனும் சொல்லிவிடக் கூடாது.

பயம் போய்விட்டதா என்றால், இல்லை.
கியர் இல்லாத சைக்கிள் என்னுடையது,
பயத்தையும் காலால்தான் மிதிக்க வேண்டும்.
ஏறி இறங்கி
ஏறி இறங்கி
நீலசந்திரா திருப்பத்தில் மூச்சு வரும்.

நேற்று விளக்கைக் கழற்றிப் பையில் போட்டவள்
அணைக்க மறந்துவிட்டேன்.
மாடிப்படியில் பல்பு போய் மூன்று மாதம்,
வீட்டுக்காரர் போடுகிறேன் போடுகிறேன் என்கிறார்.
துணிப்பை வழியாகச் சுவர் சிவந்தது,
இல்லாமல் போனது,
சிவந்தது.
இரண்டாம் மாடியில் ஜெசிந்தா கதவைத் திறந்து
தூக்கத்தோடு கேட்டாள், "யாரது?"

யாருமில்லை என்று வாய் வரைக்கும் வந்தது.

"நான்தான்" என்றேன்.