தாரா, தண்ணியா

இரவு இரண்டே கால். தரமணி, மூன்றாம் மாடி.
ஜெனரேட்டரில் இன்னும் ஒன்றரை மணி நேரத்துக்கு டீசல்.
மேடவாக்கம் சாலையில் இடுப்பளவு ஓடுகிறதாம்.
நன்மங்கலம் காட்டுக்கு அந்தப் பக்கம்,
மூடிய கல்குவாரியின் கொட்டகையில்,
காவல்காரர் கோதண்டத்தைக்
கண்ணாடிவிரியன் கடித்து நாற்பது நிமிடம்.

காட்டுக்கு இந்தப் பக்கம்
மீட்பு வண்டியில் டில்லிபாபு.
நடுவில் நான்,
ஒன்பது கிலோமீட்டர் தள்ளி,
ஈரச் செருப்பைக் கழற்றிவிட்டு
நாற்காலிமேல் சம்மணம் போட்டு.

செயற்கைக்கோள் படத்தில் மேகம்.
நேற்று எடுத்ததிலும் மேகம்.
கேரம் பலகையில் டப்பாவோடு பவுடரைக் கவிழ்த்தாற்போல்
ஊரே காணோம்.

ஏப்ரலில் ஒரு விமானம்
இந்தக் காட்டின்மேல் லேசர் தூவிப் போயிருந்தது.
ஒரே கதிர் பலமுறை திரும்பி வரும்:
உச்சி இலையில் பட்டு முதலில்,
கிளையிடுக்கில் பட்டு அப்புறம்,
இத்தனைக்கும் தப்பிய கொஞ்சம்
மண்ணைத் தொட்டு, கடைசியாக.
கடைசியாக வந்ததை மட்டும் வைத்துக்கொண்டேன்.
ஒரு சொடுக்கு.
உசிலை, வேம்பு, காட்டு ஈச்சை,
அதில் எங்கோ உறங்கியிருக்கக்கூடிய ஆந்தை,
எல்லாம் போயிற்று.
தோலுரித்த ஆடுபோல் தரை கிடந்தது.
அதன் விலாவில் ஒரு கோடு.
கல் லாரிகள் போய்வந்த பழைய தடம்.

"லெஃப்ட் எடுங்க. அப்புறம் நூறு மீட்டர் நேரா."
"நேரா மரம் நிக்குது மேடம்."

நிற்கும்தான்.
நான் ஒரு விரலால் எடுத்ததையெல்லாம்
அவர் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்.
போனில் ரம்பத்தின் இரைச்சல்.
நடுவே யாரோ யாரையோ
"தள்றா, தள்றா, அந்தாண்ட தள்றா" என்றார்கள்.
ஏழு நிமிடம்.
நான் நகத்தைக் கடித்தேன்.
வேறென்ன செய்ய, என் வேலை முடிந்திருந்தது.

பிறகு ரேடார் படத்தைத் திறந்தேன்.
மாலை ஆறு மணிக்கு எடுத்தது.
ரேடாருக்கு மேகம் ஒரு பொருட்டே இல்லை.
சொரசொரப்பு எதுவும் அதற்கு வெளிச்சம்,
வழவழப்பு எதுவும் இருட்டு.
தடத்தின் குறுக்கே
கைக்குட்டை விரித்த அளவுக்கு ஓர் இருட்டு.

"கொஞ்சம் முன்னாடி கறுப்பா ஒண்ணு தெரியுது."
"கறுப்புன்னா? தாரா, தண்ணியா?"

குவாரிக்காரர்கள் அங்கங்கே தார் போட்டதுண்டு.
குவாரிக்குழி நிரம்பி வழிவதும் உண்டு.
அலை போய் விழும், சறுக்கும்,
வேறெங்கோ போய்விடும்,
திரும்பியே வராது.
தாரிலும் அப்படித்தான், தண்ணீரிலும் அப்படித்தான்.
நான் வாங்கிய பட்டத்தில்
இந்தக் கேள்விக்கு இடமே விடவில்லை.

"தெரியலை" என்றேன்.

என்ஜின் அணைந்தது.
லைன் போய்விட்டதென்று நினைத்தேன்.
மழை. வைப்பர்கூட ஓடவில்லை. மழை.
அதற்கும் அடியில்,
கிளைகளைத் தாண்டி வந்த கடைசிக் கதிர்போல,
கொர், கொர், கொர்.

"கேக்குதா மேடம்? தவளை.
எந்தத் தவளை தாரு மேல குந்திக்கினு கத்தும்?"

நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
ஏப்ரல் மண்ணை மறுபடி திருப்பினேன்.
வலது கைப்பக்கம் ஒரு வரப்பு மேடு,
குழியைவிட ஒரு மீட்டர் உயரம்,
வண்டியைவிட ஒரு சாண் அகலம்.
"ரைட்ல ஏறுங்க. மெதுவா. நான் சொல்ற வரைக்கும்
ஸ்டியரிங்கை ஒடிக்காதீங்க."
சீமைக்கருவேல முள் ஒரு டயரைத் தின்றது.
அந்த முள்ளையும் நான்தான்
இரைச்சல் என்று அழித்திருந்தேன்.

மூன்று இருபதுக்குக் கொட்டகை.
குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் விடிந்தது.
கோதண்டம் பிழைத்தார்,
இடது காலில் இரண்டு விரல் போக.

மறுவாரம் அறிக்கை எழுத உட்கார்ந்தேன்.
அந்தக் கறுப்பைச் சுற்றிக் கோடிழுத்து
வகை: தண்ணீர் என்று நிரப்பினேன்.
பக்கத்துக் கட்டத்தில், ஆதாரம்.
செயற்கைக்கோள், விமானம், களஆய்வு,
மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது.
நான்காவதாக ஒன்றைச் சேர்த்தேன்:
தவளை.

இன்னும் யாரும் திருப்பி அனுப்பவில்லை.