உமி இறங்கும் சத்தம்

ரசமட்டத்தை நாலு இடத்தில் வைத்துப் பார்த்தேன்.
குமிழி ஓரத்துக்கே ஓடிற்று,
சோறு வேண்டாத பிள்ளை மாதிரி.

கொட்டில் நேராய் நிற்கிறதென்று
யாரும் ஒருநாளும் சொன்னதில்லை.
முத்தையன்கட்டுக்கு மீள வந்த வருசம்
கையில் அகப்பட்டதை அடித்து நிறுத்தியது.
மூலையில் முதிரை, பக்கத்தில் பாலை,
பிறகு என்ன மரமென்றே தெரியாத பெட்டிப் பலகை,
அதில் கறுப்பு மையில் ஓர் எண்,
மேலே பார்க்க வேண்டிய அம்புக்குறி
கீழே பார்க்கிறது.
பள்ளிக்கூட மேசை மூடி ஒன்றும் உண்டு.
கொம்பாசு முனையால் கிண்டிய ஏழாம் வாய்ப்பாடு
நாற்பத்திரண்டோடு நிற்கிறது.

காளான் முப்பது பாகைக்கு மேல் தாங்காதென்று
விவசாயப் போதனாசிரியர் துண்டில் எழுதித் தந்தார்.
மத்தியானம் உள்ளே முப்பத்தாறு.
சோளகம் இடுக்குகளால் நுழைந்து
பைகளின் ஈரத்தை நக்கிவிட்டுப் போகும்.
தூக்கிய அறுபது பையில்
மொட்டு விட்டவை ஒன்பது.
சங்கக் கடனுக்கு ஒன்பது பை காணாது.

ஒட்டுசுட்டானில் ரெஜிபோம் வாங்கி
பஸ் கூரையில் ஏற்றி வந்தேன்.
பாதி வழியில் ஒன்று பறந்து
வயலுக்குள் கொக்கு மாதிரி இறங்கியது.
மிச்சத்தை வெட்டி வைத்தேன்.
இங்கே ஒட்டினால் அங்கே விலகும்,
அங்கே அழுத்தினால் இங்கே உடையும்.
தலைமயிரெல்லாம் வெள்ளைப் பொடி.

"சுவரைச் சீவி மட்டமாக்குவம்" என்றான்
தச்சு வேலைக்கு வந்த ரதீபன்.
மூன்று நாள் கூலி.
சீவுளி முதிரையில் ஏறாது, அது வேறை கதை.

கஜந்தினி வாளியைக் கவிழ்த்துப்போட்டு
கதவடியில் இருந்தாள்.
கடனில் பாதி அவளுடையது.
பின்னேரமாகியிருந்தது;
பாவாடையை முழங்காலுக்கு ஏற்றி
காலைக் கழற்றிப் பக்கத்தில் சாய்த்தாள்.
விடிய ஒரு காலுறை, வெயில் ஏற இரண்டு,
இந்த நேரத்துக்கு மூன்று.
தசை பகலோடு சுருங்கும்,
கிண்ணம் சுருங்காது.
மூன்றாவதை இழுத்து மாட்டிக்கொண்டே கேட்டாள்:
"பலகையை என்னத்துக்கு வெட்டுறியள்?
இடையில ஏதும் போடுங்கோ."

"என்னத்தைப் போட?"

"தனக்கெண்டு வடிவில்லாத ஏதும்."

ஆலையில் உமியைச் சும்மா தந்தார்கள்,
சாக்கு எங்கள் பாடு.
உரப்பைகளைப் பிரித்து உட்பக்கம் அடித்தோம்,
பலகைக்கும் பைக்கும் நடுவே நாலு விரல்.
வேப்பங்கொட்டை இடித்துச் சாம்பலோடு கலந்தோம்,
கறையானுக்கு.
மேலிருந்து கொட்டக் கொட்ட
உமி தானே வழி பார்த்துக்கொண்டது:
பெட்டிப் பலகை பின்வாங்கின இடத்தில் கொஞ்சம் கூட,
பாலை முன்னுக்கு வந்த இடத்தில் குறைய.
ரதீபன் ஆணியை வாயில் கவ்வியபடி
ஒன்றும் சொல்லாமல் அடுத்த சாக்கை எடுத்துத் தந்தான்.

மேசை மூடி மறையப் போகிறபோது
கஜந்தினி கையை நிறுத்தினாள்.
"நாற்பத்தொன்பது" என்றாள் பலகையைப் பார்த்து.
பிறகு கொட்டினாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் முப்பத்தொன்று.
இன்னும் ஒரு பாகை கூடத்தான்.
தரையில் ஈரமணல் பரப்பிப் பார்க்க வேண்டும்.

காவலுக்கென்று கொட்டிலடியில் படுத்த இரவு
காதுக்குப் பக்கத்தில் கேட்டது,
எலியென்று நினைத்து டோர்ச் அடித்தேன்.
சுவருக்குள் உமி இறங்குகிறது.
சர்ரென்று கொஞ்சம்,
பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை,
பிறகு திரும்பவும்.
விடியப் பார்த்தால் மேலே ஒரு சாண் வெறுமை,
அதால் சோளகம் உள்ளே வந்துகொண்டிருந்தது.

கஜந்தினியிடம் சொன்னேன்.
"அது இறங்கும்தானே," என்றாள்,
"நான் நாலாவது உறையும் வாங்கி வைச்சிருக்கிறன்."

சாக்கை உதறிக்கொண்டு ஆலைக்கு வெளிக்கிட்டோம்.
பதினேழாம் பையில் ஒரு மொட்டு,
குண்டூசித் தலையளவு,
சரிவாக.