தாலா

எங்கள் செசோத்தோ மொழியில்
நீலத்துக்கும் பச்சைக்கும் ஒரே சொல்: தாலா.
எது என்று யாராவது கேட்டால்
வானம் போல என்போம், இல்லையென்றால் புல் போல.
வேகாத இறைச்சியும் தாலாதான்.

ஆகவே மசேருவில், எங்கள் ஆலை வாசலில்,
பச்சை வேலைக்குப் பயிற்சி என்று தாள் ஒட்டியபோது
சலவைக் கூடமே சிரித்தது.
"பதினோரு வருஷமாய் அதைத்தானே செய்கிறோம்!"
கோபோட்சோ கைகளை விரித்துக் காட்டினாள்.
பத்து நகமும் வானம்.

நான் பெயர் கொடுத்தேன்.
துவைத்த ஜீன்ஸின் பைக்குள் கைவிட்டு
நுரைக்கல் துண்டுகளைத் தோண்டி எடுக்கும் வேலை எனக்கு.
ஒரு ஷிப்டுக்கு எண்ணூறு பை.
எண்ணியிருக்கிறேன், வேறென்ன செய்ய.

ஆறு வாரம். ஒரு கன்டெய்னர்தான் வகுப்பறை.
தகரத்தில் ஆகஸ்ட் குளிர் ஏறி உட்கார்ந்திருக்கும்.
போர்வையோடு பதினாலு பேர்;
முடிக்கும்போது ஒன்பது.
மொரீஷியஸிலிருந்து வந்த ஜோஸ்லின்
கையுறையைக் கழற்றாமலே படம் வரைவாள்,
தொட்டி, தொட்டி, அம்புக்குறி, ஆறு.

மூன்றாம் வாரம் மைக்ராஸ்கோப்.
மூன்றாம் தொட்டிச் சேற்றில் ஒரு சொட்டு.
அதற்குள் ஆள் நடமாட்டம்!
காம்பில் நிற்கும் சின்னச் சின்ன மணிகள்,
வாயைச் சுழற்றி
நாங்கள் கழுவிவிட்டதைத் தின்றுகொண்டிருந்தன.
திடீரென்று காம்பு சுருளும், மெல்ல நிமிரும்,
சூப்பர்வைசர் கடந்து போனதுபோல.
இவற்றுக்குக் காற்று வேண்டும்,
அளவான சோறு வேண்டும், பிளீச்சிங் ஆகாது.
பாடம் இவ்வளவுதான் என்றாள் ஜோஸ்லின்,
மீதியெல்லாம் பம்பு.

தேர்வில் ஒரு கேள்வி:
மூன்றாம் தொட்டியில் வெள்ளை நுரை. என்ன செய்வாய்?
அ. காற்றைக் கூட்டுவேன்.
ஆ. வரத்தைக் குறைப்பேன்.
இ. மேலாளரிடம் சொல்வேன்.
மூன்றுக்கும் டிக் போட்டேன். சரி என்றார்கள்.

அந்த நுரை வந்தது
ஒரு வியாழன் இரவு, ஒன்று இருபதுக்கு.
இருபதாயிரம் கால்சட்டை கப்பலேற வேண்டிய வாரம்.
சொட்டெடுத்துப் பார்த்தேன்.
மணிகள் கழன்று மிதந்தன,
காம்புகள் மட்டும் நின்றன, பூ கிள்ளிய செடிபோல.
காற்றைக் கூட்டினேன்.
வரத்தைக் குறைத்தேன்.
மேலாளர் போனை எடுக்கவில்லை.
கேள்வித்தாளில் 'ஈ' கிடையாது.
சுவரில் வால்வுச் சக்கரம் இருந்தது, சிவப்பு,
திருக இரண்டு கையும் வேண்டியிருந்தது.

மேலே தண்ணீர் பின்னேறி
இயந்திரங்கள் ஒவ்வொன்றாய் அடங்கின.
நாற்பது பேர் கைகட்டி நின்றார்கள் விடியும்வரை.
நின்ற நேரத்துக்கு ஓவர்டைம் இல்லை.
நாற்பதில் ஒருத்தி கோபோட்சோ.
எனக்கும் அவளுக்கும் ஒரே அறை, வாடகை பாதிப் பாதி.
நாலு நாள் பேச்சில்லை.
களி மட்டும் எனக்கும் சேர்த்துக் கிண்டினாள்,
தட்டைச் சத்தமாக வைத்தாள்.

ஐந்தாம் நாள்
துணி வாங்கும் நிறுவனத்தார் வந்தார்கள்.
எனக்குப் புதுச் சட்டை, புல் தாலா.
கண்ணாடிக் குவளையில் தெளிந்த நீரை
முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கச் சொன்னார்கள்.
நகம் தெரியாமல் பிடி என்றார் மேலாளர்.
சம்பளச் சீட்டில் இன்னும்
'சலவையாள், நிலை இரண்டு.'

அன்று ஷிப்ட் முடிந்து
இரும்புப் படியில் இறங்கி வந்தாள் கோபோட்சோ.
"காட்டு."
ஒற்றைக் கண்ணை மூடிக் குனிந்தாள்.
"ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது."
"நேற்று அதுவும் இல்லை."
"இதற்காகவா என் ஒரு ராத்திரிக் கூலி?"
நான் எதுவும் சொல்லவில்லை.
கண்ணை எடுக்காமலே அவள் சொன்னாள்:
"அந்த டிரம்மைக் கவிழ்த்தது நான்தான்.
வடிகால் எங்கே போகிறதென்று
மேலே எங்களுக்கு யார் வகுப்பெடுத்தார்கள்?"

பம்பு ஓடிக்கொண்டிருந்தது.
"ஐயோ, சுருண்டுவிட்டது" என்றாள்.
மேஜையில் சாயாதே, ஆடுகிறது என்றேன்.
அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்,
அது நிமிரும்வரை.