சிவப்பு வாளி

மூன்றாம் முறை கதவைத் தட்டியபோது
ரொஹானியின் கையில் சிவப்பு வாளி இருந்தது.
பாதிக்கு மேல் தண்ணீர்.
"உன்னுடையது" என்றாள்.
வாசலில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள்.
லிஃப்ட் நிற்காத மாடி அவளுடையது.

ஆயர் ஈத்தாம், பதினோராம் மாடி.
குளியலறைச் சுவரோடு நிற்கிற என் துணி மெஷின்
நிரப்பிக்கொண்டே இருந்திருக்கிறது.
விளிம்பைத் தாண்டி, கால்மிதியைத் தாண்டி
தரை ஓட்டின் விரிசலில் வழி கண்டு
அவளுடைய சன்னல் திரைக்கு,
சாப்பாட்டு மேசைக்கு.

"தூக்கிப் போடு, தவணையில் வேறு எடுக்கலாம்"
ஜோகூரிலிருந்து சற்குணன்.
எவ்வளவு லேசாக வருகிறது அவனுக்கு
தவணை என்ற சொல்.
மோட்டார் சைக்கிளுக்கு இன்னும் பதினான்கு மாதம் கட்ட வேண்டும்.
பழுது பார்ப்பவன், வந்து பார்க்க மட்டும்
எண்பது வெள்ளி என்றான்.
அதுவும் வியாழக்கிழமைதானாம்.

ஆகவே நான்.
மகனின் சைக்கிள் திருப்புளி,
வாயில் கவ்விய டார்ச்.

தண்ணீர் ஏறும்போதே பிளக்கைப் பிடுங்கினேன்.
நின்றது.
அப்படியென்றால் வால்வின் மேல் குற்றமில்லை,
மூடச் சொன்னால் மூடுகிறது.
சொல்ல வேண்டியதுதான் சொல்லவில்லை.

ஆறு திருகுகள் வந்தன. ஏழாவது துரு.
தகட்டை வளைத்துக் கையை விட்டேன்.
பென்சில் தடிமனில் ஒரு ரப்பர் குழாய்
தொட்டியின் அடியிலிருந்து உச்சிக்குப் போகிறது.
அதில் ஓடுவது தண்ணீர் இல்லை,
வெறும் காற்று.
கீழே நீர் ஏற ஏற
மேலே காற்று நெருக்குண்டு
சின்னத் தகடொன்றை அழுத்தும். டிக்.
நிறைந்துவிட்டது என்று தண்ணீர் ஒருபோதும் சொல்லாது.
மூச்சு முட்டுகிற காற்றுதான் சொல்லும்.

பாயான் லெப்பாஸில்
கண் மட்டும் தெரிகிற வெள்ளை அங்கிக்குள்
தினம் எட்டு மணி நேரம்
இதையேதான் பார்க்கிறேன்:
நகத்தில் கால்வாசிச் சில்லு
அழுத்தத்தைச் சரியாகச் சொல்கிறதா.
ஒரு நூலிழை உள்ளே வந்தால்
முழுத் தட்டும் குப்பைக்கு.

குழாயைக் கழற்றி ஊதினேன். போகவில்லை.
கன்னம் வலிக்க இன்னொரு முறை.
பிறகு விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சி.
வந்தது,
எலிவால் நீளத்துக்கு ஒரு பஞ்சுத் திரி.
பள்ளிக் காற்சட்டையின் நீலம்,
என் முடி இரண்டு,
கரையாத சோப்புத்தூள்,
நடுவில் சற்குணனின் சாரத்துப் பழுப்பு.
அந்தச் சாரம் இங்கே துவைத்து ஐந்து மாதமாகிறது.
உடனே எறிய மனமில்லாமல்
சற்று நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தேன்.
பிறகு எறிந்தேன்.

மூன்று முறை ஓட்டினேன். மூன்று முறையும் டிக்.
நின்ற பிறகுதான் கேட்டது
பக்கத்து வீட்டில் யாரோ நெத்திலி பொரிப்பது.

வாளியைத் திருப்பித் தர வேண்டும்.
வெறும் பாத்திரமாகக் கொடுத்து எங்களுக்குப் பழக்கமில்லை.
ஆனால் வாளியில் என்ன வைத்துக் கொடுப்பது,
முறுக்கா?

கீழே போய்
ஒன்றும் பேசாமல் நாற்காலியில் ஏறி
கறை பிடித்த திரையைக் கழற்றினேன்.
ஒன்றும் பேசாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.
திரையை வாளிக்குள் அமுக்கும்போது கேட்டாள்,
"அதே மெஷினிலா?"
"அதேதான்."

இப்போது தண்ணீர் ஏறுகிறது.
கீழே ரொஹானி
அண்ணாந்து கூரையைப் பார்த்தபடி நின்றிருப்பாள்.
மேலே நான்
ஈரத் தரையில் முட்டி போட்டு
தகட்டில் காது வைத்து
நான்காவதுக்காக.