வெயில் படாத சுவர்

குடிவந்த மூன்றாம் வாரமே
உர்ஹோ ஆணி அடித்துவிட்டான்.
படம் இன்னும் வாங்கவில்லை.
வந்த விருந்தாளிகள் எல்லாரும்
கோட்டைக் கழற்றி
அதில்தான் மாட்டப் பார்த்தார்கள்.

குவோபியோவில் எங்கே நின்றாலும்
ஏரி தெரியும் என்பார்கள்.
எங்கள் ஜன்னலில் தெரிவது
மரக்கிடங்கின் தகரச் சுவர்.
ஆகவே ஓர் ஏரி வேண்டும்,
காகிதத்தில்,
எங்கள் வசதிக்குள் அடங்குகிற அளவில்.

சனிக்கிழமை
சைக்கிள் கடையின் பின்னறையில்
அவுனே படங்களைச் சாய்த்து வைத்திருந்தாள்.
வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளைகள்போலச் சில
சுவரைப் பார்த்தபடி.

உர்ஹோ முப்பது வருடம் நிலம் அளந்தவன்.
ரசிக்கத் தெரியாதவன் அல்ல,
சரிபார்க்காமல் ரசிக்கத் தெரியாதவன்.
"இந்த ஓடை மேட்டில் ஏறுகிறது, பார்."
"காலை என்றால் நிழல் இந்தப் பக்கமா விழும்?"
"கோபுரம் மரத்தைவிடக் குட்டை.
அப்படியென்றால் இந்த மரம் அறுபது மீட்டர்."
அவுனே காபி போடப் போய்விட்டாள்.

எனக்கு வேறு கணக்கு.
நான் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவள்.
சிவப்பு வீடு, வளைந்து போகும் பாதை,
வாசல்வரை கால்படாத வெண்மை.
எல்லாரும் நின்று பார்த்த படம் அது.
இதை யார் வாருவது என்றுதான் எனக்குத் தோன்றியது.
படம் தொங்கும் வீட்டில்
மூன்று மணி அலாரம் அடிக்கக் கூடாது.

ஆரஞ்சு அந்தி ஒன்று இருந்தது.
சோபாவுக்குப் பொருந்தும் என்றாள் அவுனே.
சோபா கிழிந்தால்
வானத்தையும் மாற்ற வேண்டுமா என்றேன்.

பென்சிலில் நாணல்கள். வெறும் நாணல்கள்.
தள்ளி நின்றால் ஒன்றுமில்லை,
குனிந்தால் காற்று.
கிட்டத்தட்ட வாங்கிவிட்டோம்.
ஆனால் அந்தச் சுவருக்கு முன்னால்
சாப்பாட்டு மேசை கிடக்கிறது,
குனிய இடமில்லை.

பிறகு அது.
இரண்டு உள்ளங்கை அகலம்.
உறைந்த ஏரி, ஒரு தீவு, மீதியெல்லாம் வானம்.
அந்த வானத்தில்
யாரும் தீட்டாத பெரணி இலைகள்
கிளைத்துக் கிளைத்து
விளிம்புவரை போயிருந்தன.

"கெட்டுப்போனது, பாதி விலை" என்றாள் அவுனே.
"ஏரிமேலேயே முக்காலி போட்டு வரைந்திருக்கிறார்.
வானத்தை இழுத்து முடிப்பதற்குள்
வண்ணம் உறைந்துவிட்டது."

உர்ஹோ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான்.
எந்தக் கோணம் பிசகியதோ என்று
நான் காத்திருந்தேன்.
நெடுநேரம் கழித்து
"மைனஸ் பன்னிரண்டு இருக்கும்" என்றான்.
அவன் ஒரு படத்தைப் பாராட்டி
அன்றுதான் கேட்டேன்.

மற்றவை குளிரை வரைந்தவை.
இதில் குளிரே வந்து
கைநாட்டு வைத்திருந்தது.

மாட்டியதும் மட்டக்கோல் வைத்துப் பார்த்தான்.
சட்டம் நேர்தானாம்,
ஏரிதான் ஒரு டிகிரி சாய்வாம்.
அந்தச் சாய்வோடு
நவம்பரைத் தாண்டினோம், டிசம்பரைத் தாண்டினோம்.
இருட்டு மாதங்களில் விளக்கைப் போட்டதும்
வீட்டில் இருந்த ஒரே வானம் அது.

ஜூனில்தான் சங்கதி தெரிந்தது.
வெயிலே படாது என்று
பார்த்துப் பார்த்து ஆணி அடித்த சுவர்.
இரவு பத்தரைக்கு
கிடங்கின் மூலையைச் சுற்றிக்கொண்டு
வெயில் உள்ளே வந்து
நேராக அதன்மேல் உட்கார்ந்தது.
நீர்வண்ணத்துக்கு வெளிச்சம் ஆகாது,
இந்த நீலம் சீக்கிரம் போய்விடும் என்று
விற்கும்போதே சொல்லியிருந்தாள் அவுனே.

இப்போது தினமும் தூங்கப்போகுமுன்
யாராவது ஒருவர் எழுந்து
கட்டம்போட்ட சமையல் துணியைப்
படத்தின்மேல் போடுகிறோம்,
கிளிக்கூண்டை மூடுவதுபோல.

தகரத்துக்கு அப்பால்
அசல் ஏரியில் ஊரே குதிக்கிற சத்தம்.
உர்ஹோ துணியின் நுனியை
இரண்டு விரலால் தூக்கிப் பார்க்கிறான்.
"இன்னும் உருகவில்லை" என்கிறான்.