பகலில் அது மேசை

ஹல் நகரத்துக் கேரவன் பட்டறையில்
மடக்குக் கட்டில் பிரிவு, பதினாறு வருடம்.
ஏழடி அகலத்துக்குள்
ஆறு பேரைத் தூங்கவைக்கத் தெரிந்தவன் நான்.
பிப்ரவரியில் வேலை போனது.
ஏப்ரலில் மணவாழ்க்கை.
அதன்பின் டெரெக்கின் சோபா;
அதன் நடுக்கம்பி இன்னும் என் முதுகில் இருக்கிறது.

'அரசு உதவி வாங்குவோர் அழைக்க வேண்டாம்' என்று
இப்போது யாரும் எழுதிப் போடுவதில்லை.
"இப்போதுதான் போயிற்று, பாவம்" என்கிறார்கள்.
மறுநாளும் அதே வீடு விளம்பரத்தில்,
அதே மஞ்சள் திரைச்சீலை,
அதே போகாத வீடு.

பதினோராவது அழைப்பில் திருமதி திர்க்கெல்.
"வாடகை?"
முக்கால்வாசி அரசு, மிச்சம் நான்.
"முன்பணம்?"
தொலைபேசியைக் கை மாற்றிக்கொண்டேன்,
பாரம் அந்தக் கையில் இருந்ததுபோல.

நகராட்சியில் மூன்றாம் சன்னல், லோர்னா.
"பணம் தரமாட்டோம், வாக்கு தருவோம்."
ஒரு தாள்.
நான் எதையாவது உடைத்தால்
அறுநூறு பவுண்டு வரை அவர்கள் பொறுப்பு.
பிறகு என்னைத் தேடி வருவார்களாம், மெதுவாக.
திருமதி திர்க்கெல் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்,
கள்ளநோட்டு பார்ப்பதுபோல.
"காசு மாதிரி இல்லையே."
"காசுதான்" என்றாள் லோர்னா,
"செலவழிக்க முடியாது, அவ்வளவே."

அப்புறம் கணக்கு.
வயது நாற்பத்தொன்று. தனியாள்.
ஒரு படுக்கையறைக்கு உண்டான தொகை.
மகள் இருக்கிறாள் என்றேன், ஹெட்டி, ஒன்பது வயது.
"உங்களோடு வசிக்கிறாளா?"
வெள்ளி, சனி.
பேனா நின்றது.
"அப்படியானால் வசிக்கவில்லை."

வாரம் இரண்டு இரவு, வருடத்துக்கு நூற்றுநான்கு.
அந்த நூற்றுநான்கு இரவும்
அவள் எங்கே வசிக்கிறாள்
என்று நான் கேட்கவில்லை.
கையெழுத்துப் போடும் இடத்தில்
கேள்வி கேட்டால் மை உலர்ந்துவிடும்.
எலிவளையானாலும் தனிவளை என்பது சரி.
குட்டி வந்துபோகிற வளையை
எந்தக் கோலால் அளப்பது?

சாவி தரும் நாளில்
லோர்னா கேமராவோடு வந்தாள்.
குளியலறைப் பூஞ்சணம், மூன்று படம்.
அடுப்பின் உடைந்த குமிழ்.
முன்னறைக் கம்பளத்தில் கிழங்கு வடிவக் கறை;
"இது உங்களுடையதல்ல" என்று
தேதியோடு எழுதிக் கொடுத்தாள்.
வாழ்க்கையில் முதல்முறை
ஒரு கறை என்னுடையதல்ல என்று
அரசாங்கம் ஒப்புக்கொண்டது.
சுவரில் ஆணி மட்டும் கூடாது.
ஓர் ஓட்டைக்குப் பதினைந்து பவுண்டு.

எனவே ஆணி இல்லாமல் செய்தேன்.
டெரெக்கின் கொட்டகையில் கிடந்த ப்ளைவுட்.
வேலையின் கடைசி நாளில்
சாப்பாட்டு டப்பாவில் வந்த நான்கு கீல்கள்.
(திருடியதாகச் சொல்லமாட்டேன்.
பதினாறு வருடத்தின் சில்லறை.)
மடக்கினால் மேசை, பிரித்தால் கட்டில்.
சுவரைத் தொடாமல்
தன் காலிலேயே நிற்கிறது,
நான் இன்னும் பழகிக்கொண்டிருப்பதை
அது ஒரே நாளில் கற்றுக்கொண்டது.

ஆறு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, சோதனை.
லோர்னா அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைத்தாள்,
கோப்பை வைத்தாள், படிவத்தை வைத்தாள்.
அவள் விரல் அடிப்பக்கம் ஓடி
ஒரு கீலில் நின்றது.
இரண்டாவது கீலிலும் நின்றது.
நான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன்.
எதிர்வீட்டுக்காரர் குப்பைத்தொட்டியைக்
கழுவிக்கொண்டிருந்தார், தேவைக்கு மேல்.

"படுக்கையறை ஒன்று" என்று எழுதினாள்.
"மேசை ஒன்று."
பிறகு எதையோ அடித்துவிட்டு
"நல்ல மேசை" என்று திருத்தினாள்.
வாடகையில் துண்டு விழும் ஐம்பத்திரண்டு பவுண்டுக்கு
வேறொரு படிவம் உண்டு என்று சொல்லிவிட்டுப் போனாள்.
அதில் 'காரணம்' என்ற இடத்துக்கு
நான்கு வரிதான் விட்டிருக்கிறார்கள்.
இன்னும் நிரப்பவில்லை.

வெள்ளி இரவு ஹெட்டியே பிரித்துக்கொள்கிறாள்,
இடக்காலை முதலில், சொல்லிக்கொடுத்தபடி.
படுத்தாள்.
குதிகால் இரண்டும் விளிம்பைத் தாண்டி வெளியே.
இரண்டு அங்குலமாவது இருக்கும்.
போன மாதம் சரியாக இருந்தது.
ப்ளைவுட் இப்போது என்ன விலை என்று
டெரெக்கைத்தான் கேட்க வேண்டும்.